அத்தியாயம் 9: காசு கொடுத்தது யார்?

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏறி, கழக்கூட்டம் வரை சன்னலோரம் உட்கார இடம் கிடைத்தால், இந்த அத்தியாயத்தின் முதல் பயிற்சியை அப்போதே தொடங்கிவிடலாம். துண்டுத்தாளும் பென்சிலும் போதும். ஓவர்பிரிட்ஜ், ஸ்டாச்சு, பாளையம், பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகார்யம் என்று வண்டி ஊர்ந்து போகையில் கண்ணில் படும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு கோடு கிழியுங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடைப் பலகைகள் தாமாகவே வந்து கண்ணில் விழும். முன்னால் போகும் ஆட்டோவின் முதுகு, விளக்குக் கம்பத்தில் தொங்கும் பெட்டி, ஜெர்மனியில் நர்ஸ் வேலை என்று அழைக்கும் பயிற்சி நிலையத் தட்டி, 'ஃபுல் ஏ பிளஸ்' வாங்கிய பிள்ளைகளின் முகங்களை அடுக்கிய டியூஷன் சென்டர் ஃப்ளெக்ஸ், வரப்போகும் தேர்தலுக்காகக் கட்சிக்காரர்கள் 'புக்ட்' என்று எழுதிப் பிடித்துவைத்த வெள்ளைச் சுவர் எல்லாம் இரண்டாம் பார்வையில்தான் தென்படும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸின் வெளிப்பக்கத்திலும் ஏதாவது ஒட்டியிருக்கலாம். அதை நீங்கள் எண்ண முடியாது, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த பஸ் விளம்பரத்துக்கே ஒரு வழக்குக் கதை உண்டு. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலா பஸ் ஒன்று கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். வண்டிகளின் மேல் எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் அதன் பிறகு கிளறத் தொடங்கியது. அரசு பஸ்ஸின் மேல் உள்ள விளம்பரமும் மற்ற ஓட்டுநர்களின் கவனத்தைக் கலைக்கும் என்று தடுத்தது. வருமானம் போகிறதே என்று போக்குவரத்துக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரியில் அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. கவனத்தைக் கலைக்காத விளம்பரத்துக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். மனிதன் நாளொன்றுக்குப் பத்தாயிரம் விளம்பரம் பார்க்கிறான் என்று மேடைகளில் சொல்வார்கள். அந்த எண்ணை நம்ப வேண்டாம். யார் எண்ணியது, எப்படி எண்ணியது என்று தேடிப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். ஆட்களை உட்காரவைத்து உண்மையிலேயே எண்ணச் சொன்ன பழைய அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. ரேமண்ட் பவர், ஸ்டீபன் கிரேசர் இருவரும் 1968இல் வெளியிட்டது. கையில் எண்ணும் கருவியைக் கொடுத்து, கவனித்த விளம்பரத்துக்கெல்லாம் ஒரு அழுத்து அழுத்தச் சொன்னார்கள். நாளுக்குச் சராசரி 76தான் வந்தது. அதிலும் எரிச்சலோ சிரிப்போ பயனோ ஏதாவது உண்டாக்கியவை நூற்றுக்குப் பதினாறு. கண்ணுக்கு முன்னால் போனவற்றில் பெரும்பாலானவை எண்ணப்படவே இல்லை.

எண்ணப்படாதவை வீணாய்ப் போயினவா? இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர்கள், 'எனக்குத்தான் மலையாளம் வாசிக்கத் தெரியாதே, பலகையில் எழுதியது என்னை என்ன செய்யும்' என்பார்கள். பவர், கிரேசர் நூல் வந்த அதே 1968இல் ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். சீன எழுத்துப் போன்ற வடிவங்களை அந்த மொழி அறியாதவர்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒருமுறை, இருமுறை, சிலவற்றை இருபத்தைந்து முறை. இதற்கு நல்ல பொருள் இருக்குமா, கெட்ட பொருள் இருக்குமா என்று கேட்டார். அதிகம் பார்த்த வடிவத்துக்கே நல்ல பொருள் இருக்கும் என்று ஊகித்தார்கள். வாசிக்கத் தெரியாதது கவசம் ஆகாது. வாசிக்கத் தெரிந்தவராவது எழுதியிருப்பதோடு சண்டை போடலாம். தெரியாதவருக்கு நிறமும் முகமும் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்துக் கடைத்தெருவில் 'இது நல்ல கம்பெனிதானே' என்று தோன்றும். எங்கே கேள்விப்பட்டோம் என்பது நினைவிருக்காது.

கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியாது, நடக்கவும் வேண்டாம். விளம்பரம் இல்லாவிட்டால் ஓணத் தள்ளுபடி எங்கே என்று நமக்கே தெரியாது. இந்த அத்தியாயம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு பழக்கத்தை. எதைப் பார்த்தாலும், வாசித்தாலும், கேட்டாலும், இது என் கண்முன் வருவதற்குக் காசு கொடுத்தது யார் என்று மனசுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் உடனே தெரிந்தால் அது பெரும்பாலும் ஆபத்தில்லாத விளம்பரம். யோசிக்க வேண்டியிருந்தால் நின்று பாருங்கள்.

முதல் பக்கம்

2025 ஜனவரி 24 காலையில் கேரளத்தில் பேப்பர் பிரித்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிப்ரவரி 1 முதல் ரூபாய் நோட்டு கிடையாது, இனி எல்லாம் டிஜிட்டல் பணம் என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் செய்தி. ஒரு பத்திரிகையில் அல்ல, பெரிய மலையாள நாளிதழ்கள் பலவற்றிலும். 2016 நோட்டுத் தடை மறக்காத ஊர். கையில் இருக்கும் பணத்தை என்ன செய்வது என்று பலர் தவித்தார்கள். காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலேயே இதை உண்மைச் செய்தியாக எடுத்துப் பேசினார்கள். கொச்சியில் ஜெயின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நடத்தவிருந்த மாநாட்டுக்கான விளம்பரம் அது. 2050ஆம் ஆண்டில் பத்திரிகை எப்படி இருக்கும் என்ற கற்பனை. அப்படி ஒரு குறிப்பும் பக்கத்தில் இருந்தது. ஆனால் தலைப்பின் எழுத்தளவு வேறு, குறிப்பின் எழுத்தளவு வேறு. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் பன்னிரண்டு மலையாள நாளிதழ்களிடம் விளக்கம் கேட்டது.

இதிலிருந்து கற்க வேண்டியது பத்திரிகைகளைத் திட்டுவது அல்ல. ஒரு பக்கத்தை எந்த வரிசையில் வாசிப்பது என்பதுதான். நாம் தலைப்பிலிருந்து கீழே இறங்குகிறோம். நகைக்கடை, பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி பெயர்கள் அடிபடும் பக்கத்தில் முதலில் நான்கு ஓரங்களையும் பாருங்கள். 'விளம்பரம்', 'மார்க்கெட்டிங் ஃபீச்சர்', 'இம்பாக்ட் ஃபீச்சர்', 'ஸ்பான்சர்ட்' போன்ற சொல் மேல் மூலையிலோ அடியிலோ பொடி எழுத்தில் இருக்கும். மலையாளத்தில் அது 'பரஸ்யம்'. அந்த ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தையாவது பிள்ளைகளிடம் கேட்டுப் படித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தின் எழுத்துருவைப் பாருங்கள், உள்பக்கச் செய்திகளிலிருந்து மாறியிருக்கும். கட்டுரையில் ஒரே ஆஸ்பத்திரியின் மூன்று டாக்டர்கள் பேசி, வேறு எந்த ஆஸ்பத்திரியும் வராவிட்டால், எந்தச் சொல்லும் அச்சிடப்படாவிட்டாலும் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

காசு கொடுத்தது யார் என்ற கேள்வி எப்போதும் சந்தேகக் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த ஊரிலேயே இரண்டு சாட்சிகள் உண்டு. 'சுதேசாபிமானி' பத்திரிகைக்குக் காசு போட்டவர் வக்கம் மௌலவி. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூர் திவானையும் அரண்மனையையும் விடாமல் தாக்கினார். 1910 செப்டம்பர் 26 அன்று பிள்ளை நாடுகடத்தப்பட்டார், அச்சகம் பறிமுதலானது. ஆசிரியரின் பேனாவால் முதலாளி தன் அச்சகத்தை இழந்தார். இன்னொன்று நம் 'தினமலர்'. பலருக்குத் தெரியாது, டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பரில் அதைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற நோக்கம் அப்போதே வெளிப்படை. 1956 நவம்பரில் இணைப்பு நடந்து, மறு ஆண்டு பத்திரிகை திருநெல்வேலிக்குப் போனது. வாங்கியவருக்கு எதற்காக எழுதுகிறார்கள் என்று தெரிந்திருந்தது. சாய்வு இருப்பதைவிட, சாய்வை மறைப்பதுதான் வாசகரை ஏமாற்றும்.

ஒரே கதை, நான்கு முகம்

கேபிளில் மலையாளச் சேனலும் தமிழ்ச் சேனலும் மாறி மாறிப் பார்க்கும் வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர் கண்ணுக்குப் படாத தையல் உங்களுக்குத் தெரியும். கல்யாண் ஜுவல்லர்ஸ் விளம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் திருச்சூரில் தொடங்கிய கடை. தமிழில் பிரபு வந்து நம்பச் சொன்னார், மலையாளத்தில் மஞ்சு வாரியர், தெலுங்கில் நாகார்ஜுனா, கன்னடத்தில் சிவராஜ்குமார். சொல்லும் சேதி ஏறக்குறைய ஒன்றுதான். அந்தந்த ஊர் வீட்டுக்குள் தயக்கமில்லாமல் வரக்கூடிய ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதில் குற்றமில்லை, நல்ல வியாபாரம்தான். ஆனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பொருளின் விளம்பரத்தை இரண்டு மொழியில் பார்த்துவிட்டால், முகத்தைக் கழித்துவிட்டு மீதி என்ன சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வரும். பெரும்பாலும் மீதி கொஞ்சம்தான் இருக்கும்.

முகத்துக்கும் பொறுப்பு உண்டு என்று கேரளத்து நுகர்வோர் நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது. வயநாட்டில் 2015இல் ஒரு சிற்பி, சோப்பு போட்டால் அழகு தேடிவரும் என்றார்களே, எனக்கு வரவில்லையே என்று இந்துலேகா சோப்புக் கம்பெனியையும் அதில் நடித்த மம்மூட்டியையும் நுகர்வோர் மன்றத்துக்கு இழுத்தார். ஊர் சிரித்தது. கம்பெனி முப்பதாயிரம் ரூபாய் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அடுத்தது திருச்சூரில். தாத்ரி நிறுவனத்தின் தலைமுடி க்ரீம் பூசியும் முடி வளரவில்லை என்ற வழக்கு. விளம்பரத்தில் நடித்த அனூப் மேனன் விசாரணையில், தான் அதைப் பயன்படுத்தியதில்லை, அம்மா காய்ச்சிக் கொடுக்கும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாகச் சொல்லிவிட்டார். 2020 டிசம்பரில் கம்பெனிக்கும் நடிகருக்கும் தலா பத்தாயிரம் ரூபாய் விதித்தார்கள். தொகை சின்னது. ஆனால் அந்த வாக்குமூலம் ஒரு நல்ல அளவுகோல். எந்தப் பிரபலம் எதைச் சிபாரிசு செய்தாலும், அவர் வீட்டு அலமாரியில் இது இருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ரீல்ஸில் சாப்பாட்டுக்கடை காட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால், அது விளம்பரம் என்று படத்தின் மேலேயே, எளிய சொல்லில், பேசும் மொழியிலேயே தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை விதிமுறை கொண்டுவந்தது. இருபது ஹேஷ்டாக் நடுவில் ஒளித்துவைப்பது செல்லாது.

மருந்து விளம்பரம்: பரிசோதிக்கவே வேண்டாம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

மெடிக்கல் காலேஜ், ஆர்சிசி, ஸ்ரீ சித்ரா மூன்றும் அருகருகே இருக்கும் அந்த மேட்டுப்பகுதியில் எந்நேரமும் தமிழ் கேட்கும். நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து நோயாளியைக் கூட்டிவந்து, லாட்ஜில் தங்கி, வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள். பயமும் களைப்பும் சேர்ந்த அந்த நேரத்தில்தான் யாராவது ஒரு துண்டுப்பிரசுரம் நீட்டுவார்கள், ஊரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வீடியோ வரும், லாட்ஜ் டிவியில் ஒருவர் வேர்ப்பொடி டப்பாவைக் காட்டிக்கொண்டிருப்பார். அது பலிக்குமா பலிக்காதா என்று தெரிந்தவரிடம் விசாரிப்போம். அந்த விசாரணையே தேவையில்லை.

1954ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்களுக்கான சட்டம் என்று நீண்ட பெயர். அதன் அட்டவணையில் நோய்களின் பட்டியல் உண்டு. புற்றுநோய், நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய்கள், வலிப்பு, பக்கவாதம், கண்புரை, உடல் பருமன், வெண்குஷ்டம் என்று போகும். உயரம் கூட்டுவதுகூட அதில் இருக்கிறது. இவற்றைக் குணமாக்கும், தடுக்கும் என்று எந்த மருந்தையும் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. மருந்து அலோபதியா ஆயுர்வேதமா என்பது கேள்வியே இல்லை. பலிக்கிற மருந்தாக இருந்தாலும் விளம்பரம் கூடாது. விளம்பரம் செய்பவர் மட்டுமல்ல, அதை வெளியிடுவதில் எந்தப் பங்கு வகித்தாலும் குற்றம்தான். தாயத்து, யந்திரம், மந்திரம் நோய் தீர்க்கும் என்று சொல்வதற்குத் தனிப் பிரிவே உண்டு. ஆகவே 'சர்க்கரை நோய் அடியோடு குணம்' என்ற வாசகத்தைக் கண்ட நொடியில் உங்களுக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிந்துவிடுகிறது: இதைப் போட்டவர் சட்டத்தை மீறியிருக்கிறார். சட்டத்தை மீறி விற்கிறவரிடம் உடம்பை ஒப்படைக்கலாமா என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

எழுபது ஆண்டுப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தவர்களில் ஒரு மலையாளி முக்கியமானவர். கண்ணூரைச் சேர்ந்த கண் மருத்துவர் கே.வி. பாபு, பதஞ்சலி குழுமத்தின் திவ்யா ஃபார்மசி விளம்பரங்களைப் பற்றி 2022 முதல் புகாரும் தகவல் உரிமை மனுவுமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2024இல் நீதிமன்ற அவமதிப்பு வரை போய், பதஞ்சலி பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. உங்கள் மருந்து விளம்பரம் எந்த அளவில் வருமோ அந்த அளவில்தான் மன்னிப்பும் வந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். மறுநாளே பெரிய அளவில் இன்னொரு மன்னிப்பு வந்தது. அதே ஆண்டு மே மாத உத்தரவில், விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களும் செல்வாக்காளர்களும் சம பொறுப்பாளிகள் என்றும் சொன்னார்கள்.

உங்கள் கண்ணில் இப்படி ஒன்று பட்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். அதன் தலைமையகம் இந்த ஊரில்தான். தமிழ்நாட்டுப் பத்திரிகையிலோ சேனலிலோ பார்த்திருந்தால் சென்னையில் உள்ள துறைக்கு.

எண்ணைக் கேளுங்கள்

சில வகை விளம்பரங்களுக்கு நம்பிக்கை தேவையில்லை, ஒரு எண் போதும். கழக்கூட்டத்திலும் ஆக்குளத்திலும் முளைக்கும் ஃப்ளாட்டுகளின் விளம்பரத்தில் 'கே-ரெரா' பதிவு எண் இருக்க வேண்டும், ரியல் எஸ்டேட் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எண் இல்லாத அழகான கட்டடப் படம் வெறும் படம். நகை வாங்கினால் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்ற பலகையை விட்டுவிட்டு, நகையின் மேல் பொறித்த ஆறு இலக்க ஹெச்யூஐடி குறியீட்டை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. வெளிநாட்டு வேலை விளம்பரமா? ஏஜென்டின் உரிம எண்ணை இமைக்ரேட் தளத்தில் தேடுங்கள், சந்தேகமிருந்தால் தைக்காட்டில் உள்ள நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சங்களில் பேசுகிறவரிடம் உரிமம் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

லாட்டரிக்கும் எண் உண்டு, அது வேறு எண். இந்த ஊரின் காலைச் சத்தங்களில் லாட்டரி வண்டியின் ஒலிபெருக்கி முக்கியமானது. காசு கொடுத்தது யார் என்ற கேள்விக்கு இங்கே பதில் அரசு. 1967இல் தனித்துறை தொடங்கி 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல் நடத்திய மாநிலம். அன்று டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். 2022 முதல் ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி, டிக்கெட் 500 ரூபாய். பலகையில் 25 என்று இருக்கும். ஏஜென்டுக்குப் பத்து சதவீதம் போனால் 22.5 கோடி. அதில் முப்பது சதவீத வருமான வரி பிடித்தால் 15.75 கோடி. அதற்கு மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. மிஞ்சியதை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பலகையில் இருக்கும் எண் கைக்கு வரும் எண் அல்ல என்பதற்கு இதைவிட நேர்மையான உதாரணம் கிடைக்காது, அவ்வளவுதான்.

ஃபோன்

ஃபோனில் வேலை அரைமணி நேரம்தான், ஒருமுறை செய்தால் பல மாதம் நிம்மதி. 1909க்கு அழைத்து விளம்பர அழைப்புகளை முழுமையாக நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது டிராய் டிஎன்டி செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். 140 என்று தொடங்கும் எண் விளம்பரம். எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசியில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதுவும் விளம்பரம். 'டி' பணப்பரிமாற்றம், 'எஸ்' சேவை, 'ஜி' அரசு. பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து லோன் வேண்டுமா என்று கேட்டால் ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் கூகுள் அமைப்புகளுக்குள் 'ஆட்ஸ்' பகுதியில் விளம்பர அடையாள எண்ணை அழிக்க வழி உண்டு. 'மை ஆட் சென்டர்' என்ற இடத்தில் மது, சூதாட்டம், எடை குறைப்பு, டேட்டிங், கர்ப்பம் ஆகிய வகை விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லலாம். வயது வந்த பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் எடை குறைப்பை முதலில் மூடுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கும் அதன் விளம்பரத்துக்கும் தடை விதிக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனால் அப்படி ஒரு விளம்பரம் இன்றும் வந்தால், அனுப்புகிறவர் எங்கிருந்தோ ஒளிந்து அனுப்புகிறார் என்று பொருள். பங்குச்சந்தையில் இரட்டிப்பு லாபம் என்று டெலிகிராம் குழுவுக்கு இழுக்கும் விளம்பரத்தில் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் அந்த மணி நேரத்திலேயே 1930க்கு அழையுங்கள். பணத்தை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

பிள்ளைகள்

இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் நம்மைவிட முன்னாலேயே கிடைக்கிறது. 2018இல் கண்ணூர் மாவட்டப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பூஜப்புரையில் இயங்கும் கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் அதை மாநிலம் முழுக்க எடுத்துப் போனது. 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்பு ஐசிடி பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளை மலையாள மீடியமோ ஆங்கில மீடியமோ, அந்தப் பக்கத்தை ஒருநாள் எடுத்துவரச் சொல்லி நீங்களும் வாசியுங்கள்.

வீட்டில் ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளலாம். கேபிள் விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. சேனல்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனதால் கறாராக நடப்பதில்லை. ஒருநாள் சாயங்காலம் பிள்ளையிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்துவிடுங்கள்.

"பாட்டி, பதினாறு நிமிஷம் ஆயாச்சு!"

"சீரியலுக்குள்ள அவ காப்பி குடிச்சாளே, பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாளே, அதைக் கணக்கில சேத்தியா?"

பாட்டி கேட்பதுதான் சரியான கேள்வி. கதைக்குள் புகுந்த பொட்டலத்துக்கு எந்த ஸ்டாப்வாட்சும் ஓடாது.

பாலில் கலக்கும் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி 2023இல் ஒருவர் போட்ட காணொளி பெரிய சச்சரவாகி, 2024 ஏப்ரலில் போர்ன்விட்டா போன்றவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையில் காட்டக்கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. டப்பாவின் முன்பக்கம் கம்பெனி எழுதுவது, பின்பக்கம் சட்டம் எழுதவைப்பது. பிள்ளைக்குப் பின்பக்கத்தை வாசிக்கப் பழக்குங்கள்.

தெருவில் நிற்கும் பலகை

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டுதான் கேரளம் பிவிசி ஃப்ளெக்ஸைத் தடை செய்தது. பலகையின் ஓரத்தில் அச்சிட்டவரின் பெயரும் மறுசுழற்சிக்கு உரியது என்ற முத்திரையும் இருக்க வேண்டும். நடைபாதையையோ சாலைத் திருப்பத்தையோ மறைத்து நிற்கும் அனுமதியில்லாப் பலகைகளைப் பற்றி நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் உத்தரவு மேல் உத்தரவு போட்டார். 2024 டிசம்பரில், பலகை ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம் என்றும், வசூலிக்கத் தவறினால் உள்ளாட்சிச் செயலாளரே பொறுப்பு என்றும் சொன்னார். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007இல் வெளிப்புற விளம்பரத்தையே மொத்தமாக அகற்றிக் காட்டியது. அந்த அளவுக்கு நாம் போகப்போவதில்லை. ஆனால் உங்கள் தெருமுனையில் வண்டி வருவது தெரியாமல் ஒரு பலகை நின்றால், அது எந்தக் கட்சிக்காரருடையது, எந்தக் கோவில் கமிட்டியுடையது என்று பார்த்துத் தயங்காமல் மாநகராட்சிச் செயலாளருக்குப் படத்தோடு எழுதுங்கள். தண்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்த அதிகாரி கொஞ்சம் வேகமாக நடப்பார்.

புகார்

எளிதான வழியிலிருந்து தொடங்குவோம். விளம்பரத் தர கவுன்சில் என்பது விளம்பரத் தொழில் துறையினரும் கம்பெனிகளும் 1985இல் தாங்களே அமைத்துக்கொண்ட அமைப்பு. 77100 12345 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினால் போதும். தண்டம் விதிக்கும் அதிகாரம் அதற்கில்லை, விளம்பரத்தை மாற்றச் சொல்லும். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய ஆணையம், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை தண்டம் விதிக்கலாம். அதற்கு டெல்லிக்குத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தாலும் சட்டப்படி செல்லும். இங்கே கலெக்டரேட் குடப்பனக்குன்னு சிவில் ஸ்டேஷனில் இருக்கிறது.

உங்கள் பணமே போயிருந்தால் வழுதக்காட்டில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

கொண்டுபோக வேண்டியவை: பில், பொருளின் டப்பா, விளம்பரம். பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள்கூட விளம்பரத்தை விட்டுவிடுவார்கள். பத்திரிகையில் வந்தது என்றால் கட்டத்தை மட்டும் கத்தரிக்காமல், தேதி தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுத்துவையுங்கள். பதஞ்சலி வழக்கில் உச்ச நீதிமன்றமே, பெரிதாக்கிய நகல் வேண்டாம், பத்திரிகையில் வந்த அதே அளவில் அசல் துண்டைக் கொண்டுவாருங்கள் என்றது. ஃபோனில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் நேரமும் அனுப்பியவர் பெயரும் விழ வேண்டும். ரீல்ஸ் அழிக்கப்பட்டுவிடும், அன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள். ஹோர்டிங் என்றால் படமெடுக்கும்போது பக்கத்துக் கடைப் பலகையும் சேர்ந்து விழட்டும், எந்த இடம் என்று கேட்கும்போது சொல்லச் சுலபம்.